நமது சிறப்பு நிருபர்

காலை ஐந்து இருபது. திருச்சியிலிருந்து வந்த வேன் பஸ் ஸ்டாண்டு வாசலில் பேப்பர் கட்டுகளைத் தள்ளிவிட்டுப் போனது. நான் முதலில் பிரித்த கட்டு என் பத்திரிகையுடையது அல்ல, ஊரின் இன்னொரு நிருபருடையது. முதல் பக்கத்தின் இடது ஓரத்தில் இரண்டு பத்தி அகலத்துக்கு ஒரு செய்தி இருந்தது. தலைப்பை நான் படிக்கவில்லை. தலைப்புக்கும் செய்திக்கும் நடுவே பொடி எழுத்தில் இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். ‘நமது சிறப்பு நிருபர்’ என்று போட்டிருந்தது.

முதல் நாள் வரை அந்த இடத்தில் ‘நமது நிருபர்’ என்றுதான் வரும். எனக்கும் என் பத்திரிகையில் அப்படித்தான் வரும். பெயர் கிடையாது. தஞ்சாவூர்க்காரரும் நமது நிருபர், பூதலூர்க்காரரும் நமது நிருபர், நானும் நமது நிருபர். அந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்திருந்தது. ‘சிறப்பு’ என்பது அதுவரை சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்து மந்திரிகளோடு பேசுகிறவர்களுக்கு உரிய சொல். அது எங்கள் ஊருக்கு வந்ததில்லை. வந்தபோது என் கையிலேயே கட்டாக வந்து விழுந்தது. எண்ணி அடுக்கி, சைக்கிளில் வைத்து வீடு வீடாக நானே போட வேண்டும்.

அந்தக் காலத்தில் டெல்டாவின் சின்ன ஊர்களில் பத்திரிகை ஏஜென்ட்தான் நிருபரும். விடிவதற்கு முன்னால் பேப்பர் போடுவது, பத்து மணிக்கு மேல் சட்டை மாற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று சுற்றிச் செய்தி சேர்ப்பது. பத்திரிகைக்காரர்களுக்கு அது வசதி. ஒரே ஆள், ஒரே விலாசம். நான் நான்கு பத்திரிகைகளுக்கு ஏஜென்ட், அவற்றில் ஒன்றுக்கு நிருபர். அவருடைய பத்திரிகைக்கும் நான்தான் ஏஜென்ட். அவர் நிருபர் மட்டும். சீர்காழிப் பக்கத்துக்காரர், பி.ஏ. படித்தவர், ஜவுளிக்கடை மாடியில் ஓர் அறையில் தங்கியிருந்தார். பேப்பர் கட்டை அவர் தொட்டுப் பார்த்ததில்லை. தன் பிரதியைக் காலையில் என்னிடம்தான் வாங்கிக்கொள்வார்.

ஊர் இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருந்தது. அவர் ‘நிருபர் சார்’. நான் ‘பேப்பர்காரர்’. வயதில் நான் மூத்தவன். அவர் வருவதற்கு முன்பே செய்தி எழுதியவன். எங்கள் ஊர் என்ற பெயரையே பத்திரிகையில் அச்சேற்றியவன் நான் என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் யாரும் என்னை நிருபர் என்று கூப்பிட்டதில்லை.

அன்று டீக்கடையில் முதல் பேப்பரைப் போட்டதும் கடைக்காரர் விரித்துப் பார்த்தார்.

“என்னங்க பேப்பர்காரரே, நிருபர் சார் பிச்சு உதறியிருக்காரு,” என்றார். “நீங்க தினம் அந்தப் பக்கந்தானே போறீங்க. உங்க கண்ணுல ஒண்ணும் படலையா?”

“பட்டுது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, டீயைப் போடுங்க.”

பட்டது என்று சொன்னது உண்மை. அந்தச் செய்தி நான் பார்த்த செய்தி.

கூத்தாநல்லூர் ரோட்டிலிருந்து வாய்க்காலைத் தாண்டி இறங்கினால் ஒரு கிராமம். அங்கே ஆறு மா நிலத்தை, ஏறக்குறைய இரண்டு ஏக்கரை, குத்தகைக்குப் பயிர் செய்துவந்தவர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பாவும் அதே நிலத்தில்தான் உழுதார். காகிதம் எதுவும் கிடையாது. அறுவடைக்கு அறுவடை நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பெரிய வீட்டாரின் களத்தில் நெல்லை அளந்து கொடுப்பதுதான் காகிதம். சென்னையில் ஆட்சி மாறி, குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த புதிது அது. அவர் மனுப் போட்டார். பெரிய வீட்டில், அவர் குத்தகைதாரரே இல்லை, கூலியாள், நிலம் எங்கள் சொந்தப் பண்ணைச் சாகுபடி என்று பதில் மனுப் போட்டார்கள். டெல்டா முழுக்க அந்த வருஷங்களில் தகராறு இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: இந்த வயலில் பாடுபட்டது யார்? குத்தகைதாரர் என்று எழுதினால் அந்த ஆறு மாவும் அவரிடம் நிற்கும். கூலியாள் என்று எழுதினால் அடுத்த நடவுக்கு அவர் அந்த வரப்பில் கால் வைக்க முடியாது.

தை மாதம். பனி இறங்கிக் கிடந்தது. நான் பேப்பரோடு வாய்க்கால் மதகுக்கு வந்தபோது அவரும் மனைவியும் சம்பந்தி வீட்டு ஆட்களும் பாதி வயலுக்கு மேல் அறுத்துக் கட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ரோட்டில் போலீஸ் வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இரண்டு வண்டிகள், பெரிய வீட்டார் பூதலூர்ப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த ஆட்கள். அவர்கள் பேசவில்லை, அடிக்கவும் இல்லை. கட்டுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மீதி வயலை அவர்களே அறுத்தார்கள். குத்தகைக்காரர் பக்கத்தார் கையிலிருந்த கருக்கரிவாள்களையும் வாங்கிக்கொண்டார்கள். ஏட்டு ஒருவர், “எதுவானாலும் விசாரணையில பேசிக்கங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டிகள் பெரிய வீட்டுக் களத்துக்குப் போயின.

நான் மதகில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு பெரிய வீட்டுக்குப் போய் அவர்களுடைய இங்கிலீஷ் பேப்பரையும் தமிழ் பேப்பரையும் கொடுத்தேன். பெரிய வீட்டுக்காரர் கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார். மரியாதை தெரிந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

“என்ன, இன்னைக்கு லேட்டாயிட்டுதோ?” என்றார்.

“ஆமாங்க,” என்றேன்.

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். யார், எங்கே, என்ன நேரம், யார் வண்டி, போலீஸ் எங்கே நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. கீழே கார்பன் வைத்து எழுதினேன், ஏனென்றால் கார்பன் எனக்கும் நிருபர் சாருக்கும் உள்ள வழக்கம். இரண்டு பேர் இரண்டு இடத்துக்கு ஓட முடியாது. யார் போய்ப் பார்க்கிறாரோ அவர் எழுதுவார். கார்பன் நகலை மற்றவருக்குக் கொடுப்பார். மற்றவர் முதல் வரியை மாற்றித் தன் பத்திரிகைக்கு அனுப்புவார். சாயங்காலம் திருச்சி பஸ் கண்டக்டரிடம் இரண்டு கவரையும் சேர்த்தே கொடுப்போம். மறுநாள் இரண்டு பத்திரிகையிலும் ‘நமது நிருபர்’ என்று வரும். போனவர் ஒருவர்தான் என்பது எங்களுக்கும் கண்டக்டருக்கும் தெரியும்.

அன்று நிருபர் சார் பல்வலியோடு அறையில் படுத்திருந்தார். கன்னம் வீங்கிக் கிடந்தது. வாயில் கிராம்பு. கார்பனை ஒருமுறை படித்துவிட்டு, “தலைவரே, அந்தம்மா என்ன பண்ணாங்க?” என்று கேட்டார். அவர் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவார். யாரையும் அப்படித்தான்.

“ஒண்ணும் பண்ணல. நின்னாங்க.”

“கையில என்ன இருந்துது?”

“ஒண்ணுமில்ல. அரிவாளைத்தான் வாங்கிட்டுப் போயிட்டாங்களே.”

அவர் கிராம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார்.

மறுநாள் முதல் பக்கத்தில் அவருடைய செய்தியின் கடைசி வரி இது: ‘வரப்பில் நின்று நாம் கண்டது, வண்டி போன பிறகும் வயலை விட்டு நகராத ஒரு பெண், காலையிலிருந்து அறுத்த கை வெறுங்கையாக நின்றது.’

என் செய்தி என் பத்திரிகையில் ஐந்தாம் பக்கத்தில் ‘வயலில் தகராறு’ என்ற தலைப்பில் நான்கு வரி. நான்கு வரிச் செய்திக்கு ‘நமது நிருபர்’ போடமாட்டார்கள். வெறும் ஊர்ப் பெயர்தான்.

அந்த வரியை நான் எத்தனையோ முறை மனதுக்குள் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குத் தெரியாத தகவல் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. வரப்பு என்பதும் தப்பு. நான் நின்றது மதகில். ஆனால் ‘கையில என்ன இருந்துது’ என்று கேட்கத் தோன்றியது அவருக்கு. பல்வலியோடு படுத்திருந்தவனுக்குத் தோன்றியது, எதிரே நின்றவனுக்குத் தோன்றவில்லை. அவர் திருடிவிட்டார் என்று சொல்ல வழியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கார்பன் நானே கொடுத்தது. பதிலும் நானே சொன்னது.

அதன் பிறகு ‘சிறப்பு’ என்ற அந்தச் சொல் ஊரில் தனியாக நடமாட ஆரம்பித்தது. படிப்பகத்தில் அந்தச் செய்தியை வெட்டிப் பலகையில் ஒட்டினார்கள். கூட்டுறவு வங்கிக் காரியதரிசி அவருக்குக் கூல்டிரிங்க் வரவழைத்தார். அவர் செய்தி எழுதாத நாட்களிலும் நான் காலையில் கட்டைப் பிரித்ததும் அந்தப் பொடி எழுத்தைத் தேடுவேன். இல்லாவிட்டால் ஒரு நிம்மதி. இருந்தால் அன்று முழுக்க சைக்கிள் கனக்கும்.

ஒருநாள் நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்து ‘நிருபர்’ என்று தேடினேன். நிருபம் என்றால் மேலிடத்திலிருந்து கீழே இருப்பவருக்கு வரும் எழுத்து, ஆணை என்று இருந்தது. எங்கள் பக்கம் பழைய நிலக் காகிதங்களில் அந்தச் சொல் உண்டு. எங்கள் வேலை அதற்கு நேர் தலைகீழ். கீழே நடப்பதை மேலே எழுதி அனுப்புகிறோம். மேலே இருப்பவர்கள் வெட்டுகிறார்கள். ‘சிறப்பு’ என்பதையும் தேடினேன். அழகு, மதிப்பு, செல்வம், விழா என்று நிறைய இருந்தது. நேரில் பார்த்தவர் என்று எங்கும் இல்லை.

அதே மாதம் ஒரு மந்திரி வந்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் தமிழில் கறாராக இருந்த காலம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு ‘செய்தியாளர்’ என்று அட்டை எழுதி மாட்டியிருந்தார்கள். நிருபர் வடமொழியாம். நான் பெஞ்சருகே போனதும் தொண்டர் ஒருவர் தடுத்தார்.

“அண்ணே, பேப்பர் விக்கிறதா இருந்தா அந்தப் பக்கம் போயிடுங்க. இது செய்தியாளருக்கு.”

“நானும் செய்தியாளர்தான்.”

“எந்தப் பத்திரிகை?”

சொன்னேன்.

“அதுக்கு நீங்க ஏஜென்ட்டுல்ல?”

பெஞ்சில் இருந்து நிருபர் சார் திரும்பினார். “தம்பி, அவரு எனக்கு சீனியர்ப்பா,” என்று சொல்லிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. அது இன்னும் சூடாக இருந்தது. மந்திரி பேசி முடிக்கும்வரை அந்தச் சூடு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அவர் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்த சமயங்களில் இது ஒன்று.

மாசி கடைசியில் ஒரு சாயங்காலம், கவர் கொடுக்க பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் இருந்தோம். அந்தக் குத்தகைக்காரர் வந்தார். கூட விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். குத்தகைக்காரர் மடியிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்தார். முதல் பக்கத்துச் செய்தி. மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது.

“சார், வெள்ளிக்கிழம விசாரணை,” என்றார் நிருபர் சாரைப் பார்த்து. “குத்தகைப் பதிவு பாக்குற தனித் தாசில்தார் கேக்குறாரு. அன்னைக்கு வயல அறுத்தது யாருன்னு. எங்க ஆளுவோ சொன்னா ஒறவுக்காரன் சொல்றான்னு தள்ளிடறாங்க. போலீஸு வாயத் தொறக்கல.”

செயலாளர் சேர்ந்துகொண்டார். “பெரிய வீட்டு வக்கீல் இந்தப் பேப்பரைக் காட்டி, ‘வரப்பில் நின்று நாம் கண்டது’ன்னு போட்டிருக்கே, யாரந்த நாம், கூட்டிட்டு வாங்கன்னு சவால் விட்டுட்டாரு தோழர். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது.”

இந்த இடத்துக்காக நான் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியாமலே காத்திருந்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மழுப்புவார், வெள்ளிக்கிழமை திருச்சியில் வேலை என்பார், ஆபீசைக் கேட்க வேண்டும் என்பார். அவர் வயலுக்குப் போகவே இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஐயா, நான் அன்னைக்கு வயலுக்கே வரல,” என்றார். “பல்வலி. பார்த்தது இவரு. இவரு எழுதிக் கொடுத்ததத்தான் நான் மாத்தி எழுதினேன். வரப்பில் நின்னேன்னு போட்டது என் தப்பு. சாட்சின்னா இவரத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

அவ்வளவுதான். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. டீக்கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. உண்மையைச் சொல்வதிலும் அவர் என்னைவிட வேகமாக இருந்தார்.

குத்தகைக்காரர் என் பக்கம் திரும்பினார். அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“நீங்களா தம்பி? நீங்க பேப்பர் போடத்தானே வந்தீங்க?”

“பேப்பர் போடவும் வந்தேன்.”

“மதகுல சைக்கிளோட நின்னீங்க. நான் பாத்தேன். வேடிக்க பாக்குறீங்கன்னு நெனச்சேன்.”

“எழுதறதுக்குப் பார்த்தேன்.”

“அப்புடியா,” என்றார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. “வருவீங்களா தம்பி? பெரிய வீட்டுக்கு நீங்க பேப்பர் போடுறவரு. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்.”

வருகிறேன் என்றேன். அந்த ஆறு மாவுக்காக என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். அரசாங்கத் தாளில், என் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில் ‘நிருபர்’ என்று ஏறப்போகிறது. அதை அவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறார். வெள்ளிக்கிழமை நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

தனித் தாசில்தார் ஆபீஸ் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. கூடத்தில் மேஜை, முற்றத்தில் ஜனங்கள். குத்தகைக்காரர் தூண் ஓரமாக நின்றார். அவர் மனைவி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிய வீட்டுக்காரர் வரவில்லை. கணக்குப்பிள்ளையும் வக்கீலும் வந்திருந்தார்கள். என் சிறப்பு நிருபர் கடைசி பெஞ்சில் மடியில் பேப்பர் வைத்துக்கொண்டு இருந்தார்.

குமாஸ்தா பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினார். “தொழில்?”

“நிருபர்,” என்றேன்.

வக்கீல் சிரித்தார். “நியமன உத்தரவு இருக்குதா?”

“இல்ல. எங்கள மாதிரி ஆட்களுக்குத் தரமாட்டாங்க.”

“அடையாள அட்டை?”

“இல்ல.”

“சரி, விடிஞ்சா எழுந்து என்ன பண்றீங்க?”

“பேப்பர் போடறேன்.”

“அதச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கும் நீங்கதானே போடறீங்க. நிருபர்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது.” முற்றத்தில் சிலர் சிரித்தார்கள். வக்கீல் தாசில்தாரைப் பார்த்தார். “ஐயா, நிருபர்ங்கறவரு நாலு பேரு சொல்றதக் கேட்டு எழுதறவரு. முதல் பக்கத்துல எழுதினவரு வயலுக்கே போகலன்னு இப்ப ஊரே பேசுது. இவரும் கேட்டு எழுதினதில்லன்னு எப்படி நம்பறது?”

தாசில்தார் நடுத்தர வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்து, “அந்த ஊர்ல யார் யாருக்குப் பேப்பர்?” என்று கேட்டார்.

“பெரிய வீடு, பள்ளிக்கூடம், படிப்பகம், ரேஷன் கடைக்காரர் வீடு.”

“எந்த வழியா போவீங்க?”

“மதகு வழியா. வேற வழி கிடையாதுங்க.”

“தினமுமா? ஐப்பசி மழையில?”

“பேப்பர் வந்தா போயிடுவேங்க.”

“இந்த வயல் மதகுலேருந்து தெரியுமா?”

“மதகுக்கு நேரே இருக்கறது இதுதாங்க.”

“இந்த சம்பாவுக்கு அங்க நாத்து விட்டது யாரு?”

“அவரும் அவர் சம்சாரமும்.”

“நடவு?”

“அவர் சம்பந்தி வீட்டு ஆளுங்க. பண்ணை ஆளு யாரும் இல்ல. அன்னைக்கு நடவு ஆளுங்க வண்டிய விட்டு வழிய அடைச்சிட்டாங்க. நான் சைக்கிளத் தூக்கிட்டுப் போனேன்.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“அவருதாங்க.”

“அறுத்த அன்னைக்கு?”

சொன்னேன். மதகில் நின்று பார்த்ததை, எழுதியபடியே. கட்டு கட்டியது யார், ஏற்றியது யார். அரிவாள்களை வாங்கிக்கொண்டதையும் சொன்னேன்.

குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு, “தொழில் என்னன்னு போடட்டுங்கய்யா?” என்று கேட்டார்.

“நிருபர்னு போடுங்க,” என்றேன்.

தாசில்தார் என்னை ஒருமுறை பார்த்தார். “போடலாம். போட்டா மேல அப்பீலுக்குப் போவும்போது வக்கீல் சொன்னததான் அங்கயும் சொல்வாங்க. கேட்டு எழுதற தொழில்னு. பேப்பர் போடறவருன்னு எழுதினா, தினம் அந்த வழியா போறவரு, பார்த்தவரு. யாரும் கேள்வி கேக்க முடியாது. உங்க இஷ்டம்.”

நான் தூணைப் பார்த்தேன். குத்தகைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லை எழுதப்போகிறார்கள் என்பது எனக்கு ஒரு சொல். அவருக்கு அது ஆறு மா. கடைசி பெஞ்சில் பென்சில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“பேப்பர் போடறவர்னே எழுதிக்குங்க,” என்றேன்.

‘பத்திரிகை விநியோகம்’ என்று குமாஸ்தா எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் நிருபர் சார் என் தோளைத் தொட்டார். “தலைவரே, நடவு அன்னைக்கு சைக்கிளத் தூக்கிட்டுப் போனேன்னு சொன்னீங்க பாருங்க. அதுதான் வக்கீல உட்கார வச்சுது.”

“நீங்க எழுதுங்க,” என்றேன். “நான் சாட்சி. என் சாட்சியத்தை நானே செய்தியா எழுதக்கூடாது.”

“கார்பன் வச்சு எழுதறேன்.”

எழுதினார். சாயங்காலம் நகல் கொடுத்தார். நான் முதல் வரியை மாற்றி என் பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்கள் போடவில்லை.

சித்திரையில் உத்தரவு வந்தது. குத்தகைதாரர் என்று அவர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அந்த அறுவடைக் கதிரில் அவர் பங்கை அளந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நிருபர் சாருடைய பத்திரிகையில் அது முதல் பக்கத்தில் மூன்று பத்தியில் வந்தது. மேலே, அதே பொடி எழுத்தில், நமது சிறப்பு நிருபர். உள்ளே, ஏழாவது வரியில், ‘அவ்வழியே தினமும் சைக்கிளில் செல்லும் ஒருவர் அளித்த சாட்சியம்’ என்று இருந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனதையும் எழுதியிருந்தார். நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

அதே வாரம் பெரிய வீட்டில் என் பேப்பரை நிறுத்தினார்கள். பெரிய வீட்டுக்காரர் கேட்டுக்கு வந்து, “இனிமே வேணாம்னு பாக்கறேன்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. வேறு ஏஜென்ட் கிடையாது. கொஞ்ச நாள் அவர் பேப்பர் படிக்காமலே இருந்தார் என்று கேள்வி.

வைகாசியில் ஒரு காலை, மதகில் குத்தகைக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி சைக்கிளை நிறுத்தினார்.

“தம்பி, எங்க வீட்டுக்கும் ஒரு பேப்பர் போடுங்க. நம்ம வீட்டுல மருமவன் படிப்பாரு.”

“எந்தப் பேப்பர் அக்கா?”

“அதான், நம்ம சேதி போட்டாரே அந்த சாரு. அவரு பேப்பரு.”

மறுநாளிலிருந்து போட்டேன்.